மின்பழுதை அடக்கும் மீக்கடத்திகள்

கட்டுக்குள் நிற்கும்வரை மின்னாற்றல் நமக்கு ஏவல் செய்யும். கட்டு மீறின் கருவியையும் உயிரையும் ஒருங்கே அழிக்கும். அக்கட்டினைக் காக்க அறிவியல் கண்ட புதுமுறை ஒன்றனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மின்பழுதின் இயல்பு

மரக்கிளை முறிந்து கம்பிகள் ஒன்றோடொன்று உரசினும், இடி தாக்கினும் மின்னோட்டம் தன் வழியை விட்டுக் குறுக்கே பாயும். இதனையே மக்கள் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்பர். தடை குறைந்த அவ்வழியில் மின்னோட்டம் இயல்பினும் பன்மடங்கு பெருகும். அஃது இருமடங்காயின் விளையும் வெப்பமும் விசையும் நான்மடங்காகும். மின்மாற்றியின் சுருள்கள் நெளிந்து சிதைவது இவ்விசையாலேயே.

பழுதினைத் துண்டிக்கச் ‘சர்க்யூட் பிரேக்கர்’ உண்டு. நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஆகவே ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. துண்டிப்பு நிறைவுற இரண்டு மூன்று அலைகளேனும் கழியும். பழுதின் முதல் உச்சமோ ஏறத்தாழ 10 மில்லிநொடிக்குள் தாக்கிவிடும்.

இணைப்பின் வலிமையும் இடரும்

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியால் தென்னக மின்தொகுப்பு நாட்டின் பெருந்தொகுப்போடு இணைந்தது. நம் தருமபுரி மாவட்டத்திலிருந்தும் கருநாடகத்து மதுகிரிக்கு 765 கிலோவோல்ட் தரத்தில் மின்வழி செல்கிறது. இணைப்புகள் மிகுந்தால் ஓரிடத்துக் குறையைப் பிறிதோரிடம் ஈடுசெய்யும். ஆயின் ஓரிடத்துப் பழுது நேர்ந்தால், பல திசையினின்றும் மின்னோட்டம் அவ்விடம் நோக்கிப் பாயும். பழைய 400 கிலோவோல்ட் நிலையங்கள் பல 40 கிலோஆம்பியர் தாங்குமாறே அமைந்தவை. பழுது அவ்வளவைக் கடப்பின் பிரேக்கரே சிதையக்கூடும். துணைமின் நிலையத்து மின்மாற்றி ஒன்று எரிந்தால், ஆழ்துளைக் கிணற்றை நம்பிய உழவரின் பயிர் வாடும் அன்றோ?

தடைச்சுருளை இடையே வைப்பது இன்று வழக்கிலுள்ள ஒரு தீர்வு. ஆனால் அது பழுதில்லா நாளிலும் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்துக்கொண்டேயிருக்கும்.

மீக்கடத்தியின் தொழில்

‘மீ’ என்பது மேல் எனப் பொருள்படும் பழஞ்சொல். கடத்தும் பண்பில் மேம்பட்டது மீக்கடத்தி. 1911 இல் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை ஏறத்தாழ −269 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைந்ததைக் கண்டார். 1986 இல் பெட்னார்ட்சும் முல்லரும் பீங்கான் வகைப் பொருள்களில் இப்பண்பைக் கண்டனர். மறு ஆண்டு வந்த இட்ரியம் சேர்ந்த பொருளுக்கு −196 பாகையிலுள்ள திரவ நைட்ரசனே போதுமானதாயிற்று.

வெப்பம், காந்தப்புலம், மின்னோட்டம் ஆகிய மூன்றனுள் ஒன்று எல்லை கடப்பினும் மீக்கடத்தி அப்பண்பை இழக்கும். இக்குறையே இங்குக் காவலாகிறது! இயல்பான நாளில் அது தடையின்றி வழிவிடும். பழுது மின்னோட்டம் எல்லை கடந்ததும், எவர் ஏவலுமின்றிச் சில மில்லிநொடிகளில் அதனுள் தடை எழுந்து முதல் உச்சத்தையே தாழ்த்தும். பின்னர்ப் பிரேக்கர் எளிதில் துண்டிக்கும். மீளக் குளிர்ந்தபின் மீக்கடத்தி முன்னிலை எய்தும்.

1996 இல் சுவிட்சர்லாந்தின் நீர்மின் நிலையமொன்றில் இது சோதிக்கப்பெற்றது. 2014 இல் செருமனியின் எசன் நகரில் மீக்கடத்தி வடத்தோடு இணைத்து நிறுவினர். 2019 இல் மாஸ்கோவில் 220 கிலோவோல்ட் அளவிலும் இயங்கத் தொடங்கியது. ஓயாது குளிர்விக்கும் செலவும் மீக்கடத்தி நாடாவின் விலையும் இன்னும் தடைகளாய் நிற்கின்றன.

அத்தடைகளை நீக்குவோர் நம் மாணவரிடையே தோன்றுதல் வேண்டும். தமிழில் தெளிவுற விளங்கிய கருத்து, ஆய்வுக்கூடத்திலும் அவர்களுக்குத் துணைநிற்கும் என்பது நம் துணிபு.