யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாளே இறந்துபோனார். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றது அரசுக் குழு. அரசு வேறென்ன சொல்லும்? எப்படி நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் சந்தேகத்தில் தவறில்லை. 2021 ஏப்ரல் 15-ல் ஊசி, மறுநாள் மயக்கம், 17-ல் மரணம் என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால், இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருந்ததாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அப்படி அடைக்கும் கொழுப்பு வருடக்கணக்கில் படிவது. குழுவின் முடிவை நான் ஏற்பது இதனால்தான், அரசு சொன்னதால் அல்ல.

பக்கவிளைவு உண்மையாகவே இருந்தால் வெளியே வருமா? வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க ரோட்டாஷீல்டு என்ற சொட்டு மருந்து வந்தது. மறுவருடமே, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டதாக 15 குழந்தைகளைப் பற்றிப் புகார் பதிவானது. ஜூலையில் மருந்தை நிறுத்திவைத்தார்கள். மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். சந்தேகம் உறுதியானது, அக்டோபரில் மருந்து சந்தையை விட்டே போனது. ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஆபத்தையும் அந்த ஒப்பீடு பிடித்துவிட்டது! ‘போட்ட பிறகு வந்தது’ என்பது விசாரிக்க வேண்டிய புகார். போடாதவர்களுக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்காமல் அதைத் தீர்ப்பாக்க முடியாது.

வீட்டில் யாருக்காவது ஊசிக்குப் பின் தொந்தரவு வந்தால், வாட்ஸ்அப்பில் பரப்புவதற்கு முன், ஊசி போட்ட சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.