இயற்கைத் தெய்வமும் இல்லுறை தெய்வமும்

இயற்கைப் பொருள்களில் உறையும் தெய்வங்களை யப்பானியர் ‘காமி’ என்பர். மலை, அருவி, முதுமரம் என்பவற்றுக்கு மட்டுமன்றி, அடுப்புக்கும் கிணற்றுக்குங்கூட அவர்கள் தெய்வங் கூறுவர். தெய்வம் உறைவதாகக் கருதும் மரத்திலே வைக்கோற்புரி கட்டி அதன் தூய்மையை உணர்த்துவர். நெல்லுக்குரிய இனாரி என்னுந் தெய்வத்துக்கு நரி தூதாகும்.

தமிழர்க்கு இது புதுமையன்று. தொல்காப்பியம் முல்லைக்கு மாயோனையும், குறிஞ்சிக்குச் சேயோனையும், மருதத்துக்கு வேந்தனையும், நெய்தலுக்கு வருணனையும் உரிமையாக்கிற்று. வன்னியிலே குளக்கட்டுகளில் பிள்ளையாரும் ஐயனாரும் எழுந்தருளியுள்ளனர். யாழ்ப்பாணத்து ஊர்களில் மரநிழலில் நாட்டிய சூலமே வைரவராக வணங்கப்படும்.

இவ்விரு வழிபாடுகளும் வெவ்வேறு ஊற்றுக்கண் உடையனவெனினும், பாரதநாட்டுத் தெய்வங்கள் சில பௌத்தத்துடன் சீனா வழியாக யப்பானை அடைந்து, அங்குள்ளவற்றோடு கலந்தன. ஆற்றின் பெயர் பூண்ட சரசுவதி அங்கே பென்சைத்தென் ஆகி, மீண்டும் நீர்நிலைகளின் அருகே கோயில் கொண்டாள். மகாகாலன் தைக்கொக்குத்தென் ஆகி, நெல்மூடைகளின் மேல் நின்று அடுக்களையைக் காக்கின்றான். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி இத்சிங், மடங்களின் அடுக்களைப் பக்கத்தில் மகாகாலன் உருவம் வைக்கப்பட்டமையைக் குறித்துள்ளார். அச்சந்தரும் தெய்வம் அன்னங்காக்கும் தெய்வமாயிற்று. அவ்வாறே நம் வைரவரும் உக்கிர மூர்த்தியாயினும் ஊரவர்க்குக் காவலரே.

இவ்வழிபாட்டின் உட்பொருள் யாது? நம்மை வாழ்விக்கும் பொருள்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பதே. கார்த்திகை விளக்கீட்டன்று யாழ்ப்பாணத்தார் வாயிலில் மட்டுமன்றிக் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் தோட்டத்திலும் ஒளியேற்றுதல் இக்கடமையின் அடையாளமாம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் வாழ்வோர்க்குக் கிணறுமில்லை, கொட்டிலுமில்லை. வாயில் விளக்கொன்றே எஞ்சியுள்ளது. விளக்கு நிற்க, அதன் பொருள் மறைதல் கூடாது. நம் குழாயில் வரும் நீரும் களனியாற்றின் கொடையன்றோ? அந்த ஆற்றை மாசுபடாது காத்தலும் வழிபாடேயாகும்.

மாணவர்க்கு மற்றொரு பணியும் உண்டு. மரத்தடிச் சூலத்துக்குக் கல்வெட்டில்லை, தலபுராணமும் இல்லை. முதியோர் நினைவே அதற்கு ஏடு. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் எண்ணற்றோர் ஊர் பெயர்ந்தனர். ஊரிழந்த நினைவு நெடுநாள் நில்லாது. ஆதலின், உங்கள் பாட்டனாரையும் பாட்டியாரையும் அணுகி, அவர்கள் ஊர்க் குளத்தருகே எத்தெய்வம் இருந்தது, எம்மரத்தின்கீழ் இருந்தது, எந்நாளிற் பொங்கல் நிகழ்ந்தது என்பவற்றைக் கேட்டு, இன்றே எழுதி வைப்பீர்களாக.