மேக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கணக்கு மென்பொருள் ஓடுமா?



நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் பழைய மேக் கணினி ஒன்று நன்கொடையாக வந்தது. நம் கணக்கு மென்பொருளோ விண்டோஸில் மட்டும் ஓடுவது. போட்டுப் பார்த்தோம், திறக்கவே இல்லை. "புதுசா ஒண்ணு வாங்கிடலாமே மேடம்" என்றார் கணக்காளர். "அது உறுப்பினருங்க காசு, விசாரிச்சுட்டுச் செய்யலாம்" என்றார் பொருளாளர் அக்கா. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

ஏன் திறக்கவில்லை?

விண்டோஸுக்கு எழுதிய கட்டளை மேக்குக்குப் புரியாது. இந்தி மட்டும் தெரிந்த வங்கி மேலாளர் நம் கூட்டத்துக்கு வந்தால் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைப்போம் அல்லவா? கணினிக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் எமுலேஷன். ஒவ்வொரு கட்டளையையும் மாற்றிச் சொல்வதால் வேகம் குறையும். 1997-ல் மேக்குக்கு வந்த விர்ச்சுவல் பிசி இப்படித்தான் வேலை செய்தது.

உங்கள் மேக் எந்த வகை?

திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் படத்தை அழுத்தி, 'அபவுட் திஸ் மேக்' பாருங்கள்.

1. இன்டெல் சிப் (2006 முதல் வந்தவை): பெரும்பாலான விண்டோஸ் கணினிகளிலும் இதே வகை சிப்தான். அதனால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. பூட் கேம்ப் மூலம் விண்டோஸைத் தனியாக ஏற்றலாம்.

2. எம்1 முதலான ஆப்பிள் சிப் (2020 முதல்): இதில் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் 'ஆர்ம்' வகை விண்டோஸை ஏற்ற வேண்டும். சாதாரண விண்டோஸ் மென்பொருளை அந்த விண்டோஸே மொழிபெயர்த்து ஓட்டும். ஆனால் எல்லா மென்பொருளும் ஓடிவிடாது.

பணம் கட்டும் முன்

விண்டோஸ் உரிமத்துக்குத் தனிச் செலவு உண்டு. விண்டோஸ் 11-க்கு மட்டும் 64 ஜிபி இடம் வேண்டும். பழைய கணக்கை முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள். பிறகு ஒரே ஒரு குழுவின் ஒரு மாதக் கணக்கை ஏற்றி, பேரேட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பிரின்ட் வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு சகோதரியின் சேமிப்பு விட்டுப்போனாலும் நம்பிக்கை போய்விடும்.

நம்முடையது இன்டெல் மேக். கணக்கு ஒத்துப்போனது. புதிய கணினிக்கு ஒதுக்க இருந்த பணம் சுழல்நிதியிலேயே இருக்கிறது, கடன் கேட்டவர்களுக்குப் போகும்.

குழுவில் பேசுங்கள்: உங்கள் கணக்குக்கு நகல் இருக்கிறதா? அது யாரிடம் இருக்கிறது?