எட்டு கோர் இருந்தும் லேப் ஏன் தவழுது?

மதியம் 2 மணி லேப். அஞ்சு நிமிஷத்துல 60 பேரும் லாகின் பண்றோம். அப்புறம் ஸ்கிரீன்ல சுத்துற வட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். "எட்டு கோர் சர்வர் வந்தாச்சே, இன்னும் என்னடா?"னு பின் பெஞ்ச்ல இருந்து ஒரு குரல் வரும். நியாயமான கேள்விதான். பதிலைத் தேடுவோம்.

எந்த மெஷின்ல உட்கார்ந்தாலும் நம்ம ஃபோல்டர் வருதே, அது அந்த மெஷின்ல இல்லை, சர்வர்ல இருக்கு. அதை நம்மகிட்ட கொண்டு வர்றது என்.எஃப்.எஸ்., அதாவது நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் உருவாக்கியது.

இப்போ விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா கடையை நினைச்சுக்கோங்க. உள்ளே எட்டு பேர் டம்ளர் நிரப்புறாங்க. டோக்கன் கொடுக்க ஒரே ஆள். சித்திரைத் திருவிழாக் கூட்டம் வந்தா வரிசை எங்கே நிக்கும்? டோக்கன்காரர் முன்னாடிதான். உள்ளே இன்னும் நாலு பேரைச் சேர்த்தாலும் வரிசை நகராது. 1967-ல் ஜீன் ஆம்டால் சொன்னதும் இதுதான்: வேலையில் கால் பங்கை ஒருத்தரே செய்தாகணும் என்றால், எட்டு கோர் போட்டாலும் வேகம் சுமார் 2.9 மடங்குதான். எத்தனை கோர் போட்டாலும் 4 மடங்கைத் தாண்டாது.

லினக்ஸுக்கே இந்தக் கஷ்டம் இருந்தது. 1996-ல் வந்த 2.0 பதிப்பு பல ப்ராசசர்களை ஆதரித்தாலும், கெர்னல் முழுக்க ஒரே பெரிய பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு ப்ராசசர்தான் உள்ளே போக முடியும். அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு, 2011-ல் 2.6.39 பதிப்பில்தான் முழுசா எடுத்தாங்க.

சரி, நம்ம சர்வர்ல டோக்கன்காரர் யார்? வரிசையா பார்ப்போம்.

1. சராசரியை நம்பாதீங்க. எட்டு கோர்ல ஒண்ணு மட்டும் முழுசா திணறி, மற்ற ஏழும் சும்மா இருந்தா, மொத்த சி.பி.யு. பயன்பாடு 12.5 சதவீதம்னுதான் தெரியும். 'சர்வர் ஃப்ரீயாத்தானே இருக்கு'னு ஏமாந்துடுவோம். டாப் கமாண்ட் ஓடும்போது 1-ஐ அழுத்துங்க, கோர் கோரா பிரிச்சுக் காட்டும்.

2. ஒரே கோர் திணறுதா? நெட்வொர்க் கார்டு அனுப்புற இண்டரப்ட் எல்லாம் அந்த ஒரு கோருக்கே போகலாம். ப்ராக் ஃபோல்டருக்குள்ள இருக்கிற இண்டரப்ட்ஸ் ஃபைலைத் திறந்து, நெட்வொர்க் கார்டு வரியைப் பாருங்க. ஒரே பத்தியில் மட்டும் எண் ஏறிக்கிட்டே இருந்தா, டோக்கன்காரர் மாட்டிக்கிட்டார். கார்டுக்குப் பல க்யூ இருந்தா அவற்றைப் பல கோர்களுக்குப் பிரிச்சு விடணும். ஒரே க்யூதான் என்றால், வர்ற பாக்கெட்டுகளைப் பிரிச்சுக் கொடுக்கிற ஆர்.பி.எஸ். வசதி கெர்னலிலேயே இருக்கு.

3. எல்லா கோரும் சும்மா இருந்தும் லோடு ஆவரேஜ் மட்டும் ஏறுதா? லினக்ஸ், டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற ப்ராசஸையும் லோடுல சேர்த்து எண்ணும். என்.எஃப்.எஸ். த்ரெட்கள் எல்லாம் டாப்ல 'டி' நிலையில் நின்னா, குற்றவாளி டிஸ்க். த்ரெட் எண்ணிக்கை பல லினக்ஸ் அமைப்புகளில் 8 என்றே இருக்கும். 60 பேருக்கு அது குறைவுதான், கூட்டலாம். ஆனா டிஸ்க் திணறும்போது கூட்டினா, காத்திருக்கிற ஆள்தான் கூடும்.

4. கேபிளையும் மறக்காதீங்க. 1 கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட். 60 பேருக்குப் பங்கு போட்டா தலைக்கு 2 மெகாபைட்தான். இதுதான் முட்டுதுன்னா கோர் வாங்கிப் பிரயோஜனமே இல்லை.

இப்போ ஒரு எச்சரிக்கை. தேடினா, 'எக்ஸ்போர்ட்ல சிங்க் என்பதை ஏசிங்க்னு மாத்து, பறக்கும்'னு பல பேர் சொல்வாங்க. உண்மைதான், பறக்கும். ஏன்னா டிஸ்க்ல எழுதுறதுக்கு முன்னாடியே 'எழுதிட்டேன்'னு சர்வர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சுன்னா? யு.பி.எஸ். கைவிட்டா, நாம சேவ் பண்ணின ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டிஸ்க்ல இருக்காது. நம்ம மெஷினுக்கும் அது தெரியாது. சர்வர் மறுபடி எழுந்ததும் எல்லாம் சரின்னே நினைச்சுக்கும். சப்மிஷனுக்கு முந்தின நாள் இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்லவேண்டியதில்லை. பத்து நிமிஷம் காத்திருக்கிறது எரிச்சல்தான், ஆனா ஃபைல் மிஞ்சும்.

அதனால அடுத்த தடவை லேப் தவழும்போது 'புது சர்வர் வாங்குங்க சார்'னு ஆரம்பிக்காதீங்க. லேப் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டு, அவர் பக்கத்துல உட்கார்ந்து, இந்த நாலையும் பார்த்துக் குறிச்சுக்கோங்க. ஒரு நேரத்தில் ஒண்ணே ஒண்ணை மாத்துங்க, மறுபடி அளந்து பாருங்க. வரிசை எங்கே நிக்குதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.