உடற்குறையுடையோர் இல்லத்திற்கு வரிக் குறைப்பு

இங்கிலாந்தில் வீட்டுவரி எட்டுப் படிகளாக விதிக்கப்படுகிறது. நிரந்தரமான பெருங்குறையுடைய ஒருவர், பிள்ளையாயினும் பெரியவராயினும், வசிக்கும் வீட்டிற்கு, 1992ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு படி குறைத்தே வரி வாங்குவர். அவருடைய தேவைக்கென்று தனி அறையோ, இரண்டாவது குளியலறையோ சமையலறையோ, வீட்டினுள் சக்கர நாற்காலி புழங்க இடமோ அமைந்திருத்தல் வேண்டும்.

நான்காம் படியில் 1,800 பவுண்டு செலுத்துபவர் 1,600 செலுத்தினால் போதும். ஆகக் கீழ்ப்படியினருக்கும் ஆறிலொரு பங்கு குறையும். வருமானம் எவ்வளவென்று கேட்பதில்லை. ஆனால் நகரசபைக்கு விண்ணப்பம் செய்தாக வேண்டும், கேளாதவருக்குக் கிடைக்காது.

அங்கே மக்களைக் குடியமர்த்தியுள்ள நம் வணிகர்கள் இதை எழுதித் தெரிவிப்பார்களாக. இது தர்மமன்று, குறையுடையவரின் ஹக்கு. ஹக்கைக் கேட்க நாம் கூசலாகாது.