மீட்டுக்குப் பின் மிதி

அன்புள்ள தம்பிக்கு,

எந்த சஸ்டெய்ன் பெடல் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். அதைப் போட்டால் ஸ்டீல் கித்தாரில் நாதம் வீணைபோல நிற்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தப் பேச்சுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. நாதம் கம்பியில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

சஸ்டெய்ன் என்ற பெயரில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை கம்ப்ரஸர்கள். மீட்டிய கணத்தின் உரத்த ஓசையை அமுக்கி, பின்னால் தேய்ந்துவரும் ஓசையை உயர்த்திக் காட்டுவது கம்ப்ரஸரின் வேலை. கம்பி அடங்கும் நேரத்தை அது ஒரு நொடிகூடத் தள்ளிப்போடாது. தேய்ந்த ஓசையை உயர்த்தும்போது எர்த் சரியில்லாத மேடையின் உறுமலும் சேர்ந்தே உயரும். கோயில் கொடையில் ஜெனரேட்டர் பக்கத்தில் வாசித்துப் பார், தெரியும்.

கம்பியின் கனம், உயரம் எல்லாம் உனக்குத் தெரிந்ததே. கம்பிமேல் வைத்து நகர்த்தும் பாரை மட்டும் கவனி. எடை குறைந்த பாரைத் தளர்வாகப் பிடித்தால் அதிர்வு அங்கேயே கசிந்துவிடும். பெடலுக்குக் காசு சேர்க்குமுன் கனமான பார் ஒன்று வாங்கு.

பாரை இழுப்பது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கயத்தாற்றுக்கு வடகிழக்கே இருக்கிற எட்டயபுரத்தில், 1904-இல் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டார். தெலுங்கு லிபியில் வந்த நூல். பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி தமிழிலும் கொண்டுவந்தது. அதில் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஜாருவில், ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் தனித்தனிச் சாய்கோடு உண்டு. நான் அதைப் பாட்டுக்காகப் படித்ததைவிடக் கோடுகளுக்காகப் படித்ததுதான் அதிகம். எங்கே மீட்டி, எங்கே மீட்டாமல் இழுப்பது என்பதை அவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்த வேறொரு நூலை நான் பார்த்ததில்லை. ஸ்டீல் கித்தார்காரன் ஒவ்வொருவன் கையிலும் அது இருக்க வேண்டும். ஜாரு என்பது முந்தைய மீட்டின் மிச்ச ஓசையில் ஓடுவது. அந்த மிச்சம் எவ்வளவு, அதற்குள் எத்தனை ஸ்வரம் போகலாம் என்று கணக்கிடுவதே வாசிப்பு. மிச்சம் போதாவிட்டால் இன்னொரு மீட்டு போடு. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோட்டுவாத்தியத்தையும் நினைத்துப் பார். சகாராம ராவின் சீடர் நாராயண ஐயங்கார் அதில் அனுநாதக் கம்பிகளைச் சேர்த்தார். விசுவ மோகன் பட்டின் மோகன வீணையிலும் அவை உண்டு. மின்சாரம் இல்லாமலே நாதத்துக்குப் பின்னால் ஒரு நாதம் நிற்கிறது. உண்மையான சஸ்டெய்ன் என்று நான் சொல்வது இதைத்தான். ஈபோ என்றொரு கருவி காந்தப்புலத்தால் கம்பியை விடாமல் அதிரவைக்கும். கம்ப்ரஸரைப் போலல்லாமல் அது கம்பிக்கே உயிர் கொடுக்கிறது. ஆனால் அதில் மீட்டே இல்லை. சாகித்தியத்தின் எழுத்து மீட்டில்தான் விழுகிறது. அது போனால் பாட்டின் சொல்லும் போயிற்று.

வால்யூம் பெடலுக்கு வருகிறேன். அது வாங்கத் தகுந்தது. அமெரிக்க ஸ்டீல் கித்தார்காரர்கள் பெடலைப் பாதியில் வைத்து மீட்டி, ஓசை தேயத் தேயக் காலை அழுத்துகிறார்கள். பெடலுக்குள் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் பாட் லாக் வகையானால், பாதியில் சுமார் பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தத்தையே விடும். மீதிப் பாதியில் பத்து மடங்கு காத்திருக்கிறது. கம்பியின் ஓசை விகிதப்படி தேய்வதால் லாக் பாட்தான் காலுக்கு இணங்கும், லீனியர் வேண்டாம். அடுத்த மீட்டுக்கு முன் கால் பாதிக்குத் திரும்பியே ஆக வேண்டும். மறந்தால் அந்த மீட்டு சபையின் காதைக் கிழிக்கும். மீட்டை மறைத்து ஓசையை ஊதி எழுப்பும் பழக்கம் தேவாலயத்தில் பாமாலைக்கு, நீண்ட கார்டுகளுக்கு, அழகு. கீர்த்தனத்தில் அதைச் செய்யாதே. சம்மணமிட்டு வாசிக்கப் போகிறாய் என்றால் பெடலையே மறந்துவிடு. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கால் வேலை செய்யும்.

வாங்குமுன் ஓம் கணக்கைப் பார். எர்னி பால் வி.பி. ஜூனியர் 250 கிலோ ஓமிலும் 25 கிலோ ஓமிலும் வருகிறது. காந்தப் பிக்கப்பிலிருந்து நேராகப் போனால் 250. காண்டாக்ட் மைக் என்றால் அதை நேராகப் பெடலில் செருகாதே, மந்தர ஸ்தாயி மெலிந்துபோகும். குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீ-ஆம்ப் ஒன்றை நடுவில் வை, அதற்குப் பின் 25. கம்ப்ரஸரும் வேண்டுமென்று அடம்பிடித்தால் அதைப் பெடலுக்கு முன்னால் போடு. பின்னால் போட்டால் உன் கால் செய்ததையெல்லாம் அது சமப்படுத்திவிடும்.

உன் கித்தாரில் இருப்பது எந்த வகைப் பிக்கப் என்று நீ எழுதவே இல்லை. முதலில் அதைப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்