தஞ்சாவூரிலேயே பார்க்கலாம்

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 25 நாள் கதிர்வீச்சு வைக்கணுமாம். சென்னைக்குத்தான் போகணுமா? பேரனைத் தூக்கலாமா?
– ஒரு வாசகி, குன்றாண்டார்கோவில்

சென்னைக்கு அலைய வேண்டாம், சகோதரி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் 1800 425 3993க்குப் பேசுங்கள்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சட்டும். மேசையில் அசையாமல் படுத்திருப்பது சில நிமிடம்தான், வலிக்காது. இடுப்பில் மையால் போடும் குறிகளைத் தேய்த்துக் குளிக்க வேண்டாம்.

தினமும் பஸ்ஸில் போய்வர முடியாதென்றால் உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். திருவிழா, விசேஷம் எதற்காகவும் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். இடைவெளி விழுந்தால் பலன் குறையும். முழுசாக முடித்தால்தான் அம்மாவுக்கு நல்லது.